ஓடு துறந்த நத்தை

அழகு என்பது காண்போர் மகிழ்தற்பொருட்டே இயற்கையிற் படைக்கப்பட்டது என நாம் எளிதாக எண்ணிவிடுகின்றோம். மயிலின் தோகையையும் கிளியின் சிறகையும் அந்திவானின் செம்மையையும் ஒரே நோக்கிற் கண்டு வியக்கின்றோம். உயிர்நூல் வல்லாரோ ஒரு நிறத்தைக் கண்டு வியந்த அளவில் அமைந்துவிடுவதில்லை. “இந்நிறம் யாருடைய கண்ணுக்காக?” என வினவுகின்றனர். வினா சிறியது, ஆயினும் அதற்கு விடை தேடிச் செல்லும் வழி நெடியது. அவ்வழியிலே ஒரு சிற்றுயிரைத் துணையாகக்கொண்டு சிறிது தூரம் சென்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அச்சிற்றுயிர் நம் இலங்கையைச் சூழ்ந்த கடலிலும் வாழ்வது. முருகைக்கற் பாறைகளின்மேற் பட்டப்பகலில் அஞ்சாது ஊர்ந்து திரிவது. கருமை, நீலம், மஞ்சள் என்னும் மூன்று நிறங்களையும் ஒருங்கே உடுத்தது. அறிஞர் அதற்கு வழங்கும் பெயர் பிலிடியா வரிக்கோசா என்பதாகும்.

பெயரும் உருவும்

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளுதல் நன்று. வடகடலிற் குளித்தெடுத்து, அவித்து உலர்த்திக் கீழைநாடுகளுக்கு அனுப்பப்படும் கடலட்டையை எம்மவருள் அறியாதார் இலர். நாம் இங்கே கூறவந்த உயிர் அதுவன்று. கடலட்டை நட்சத்திரமீனுக்கு உறவினம். பிலிடியாவோ நத்தை, சங்கு, சோகி ஆகியவற்றின் குடும்பத்திற் பிறந்தது. ஆயினும் அவற்றுக்குள்ள ஓடு இதற்கு இல்லை. இதுபோன்று ஓட்டை இழந்து, சுவாசிக்கும் பூக்களை மூடியின்றி வைத்திருக்கும் கடல் நத்தைகள் ஏறக்குறைய 3000 இனங்கள் உண்டு. மேலைநாட்டார் அவற்றை நுடிபிராங்கு என்பர். வெறும்பூவினம் என்பது அச்சொல்லின் பொருள்.

பிலிடியா என்னும் சாதியை வகுத்தவர் பிரான்சு நாட்டுப் பேரறிஞராகிய கியூவியர். அஃது 1797ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. இலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அப்பெயர். இவ்வுயிரைப் புரட்டிப் பார்த்தால், முதுகுப் போர்வைக்கும் பாதத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தில், உடலைச் சுற்றிலும் மெல்லிய இலைகளை வரிசையாக அடுக்கியது போன்று பூக்கள் அமைந்திருத்தலைக் காணலாம். ஆதலின் பெயர் பொருத்தமானதே. வரிக்கோசா என்னும் இனப்பெயரை இலாமாக்கு என்பார் 1801இல் இட்டார். புடைத்துச் சுருண்ட நாளங்களைக் குறிக்கும் சொல் அது. இதன் முதுகைக் கண்டோர் அப்பெயரின் தகுதியை உடனே ஒப்புக்கொள்வர். கரிய நிலத்தின்மேல் நீலநிற வரம்புகள் தலைமுதல் வால்வரை ஓடுகின்றன; அவ்வரம்புகளின்மேல் வரிசையாகக் கொப்புளங்கள் எழுந்துள்ளன; ஒவ்வொரு கொப்புளத்தின் உச்சியும் மஞ்சள் பூசியது போன்று ஒளிர்கின்றது. முன்புறத்தே மணமறியும் கொம்புகள் இரண்டு, அவையும் மஞ்சளே. பாதத்தின் அடியில் நெடுகிலும் ஒரு கருங்கோடு செல்லும். இக்கோட்டைக்கொண்டே இதனை அதன் உறவினங்களிலிருந்து பிரித்தறிவர். முழுவளர்ச்சி பெற்றது ஏறத்தாழ 11 சதமமீற்றர் நீளம் இருக்கும். செங்கடல் தொட்டு இந்துமாகடலைக் கடந்து பசிபிக்குச் சமுத்திரத்தின் ஹவாய்த் தீவுகள் வரை இது பரவி வாழ்கின்றது.

யாருடைய கண்ணுக்கு?

இவ்வளவு ஒப்பனையும் துணையைக் கவர்தற்பொருட்டு அமைந்தது என ஒருவர் கூறலாம். மயிலுக்கு அவ்விடை பொருந்தும், இந்நத்தைக்குப் பொருந்தாது. ஏனெனின் இதன் கண்கள் தோலுக்கடியிற் புதைந்த இரண்டு நுண்ணிய கரும்புள்ளிகள் மாத்திரமே. ஒளி உண்டு, இல்லை என்பதை அவை உணரும். உருவத்தையும் நிறத்தையும் காணமாட்டா. தன் துணையை இது கண்ணாற் கண்டு தேடுவதில்லை. துணை ஊர்ந்துசென்ற வழியிற் படிந்த சளியின் சுவையையும் மணத்தையும் பற்றிக்கொண்டே தேடுகின்றது. மேலும் ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாகிய இருபாலும் தன்னகத்தே உடையது. ஆகவே இவ்வுயிர் தன் அழகைத் தானும் அறியாது; தன் இனத்தாருக்கும் அதனைக் காட்டாது. அங்ஙனமாயின் அவ்வழகு யாருக்கு?

இவ்வினாவுக்கு விடை கடலிற் பிறந்ததன்று. தோட்டத்துப் புழுக்களிடமிருந்தே பிறந்தது. உயிர்களின் நிறங்கள் பலவற்றைத் துணைதேடும் போட்டியின் விளைவு என டாவின் விளக்கிவந்தார். ஆயின் சில மயிர்க்கொட்டிகளும் புழுக்களும் பகட்டான நிறங்களோடு திரிவது அவருக்கு இடர் தந்தது. புழுப்பருவத்திலே துணைதேடல் என்பதே இல்லை. 1867ஆம் ஆண்டில் அவர் தம் ஐயத்தை உவாலசு என்பாருக்கு எழுதினார். உவாலசு தந்த விடை எளியது. அப்புழுக்கள் பறவைகளுக்குச் சுவையற்றனவாயோ நஞ்சுடையனவாயோ இருத்தல் வேண்டும். அலகாற் குத்திய பின்னர்ப் பறவை துப்பிவிட்டாலும் புழு இறந்துபோகும். ஆகையாற் குத்துவதற்கு முன்னரே, “என்னைத் தொடாதே” என அறிவிக்கும் அடையாளம் ஒன்று அதற்குத் தேவை. அந்த அடையாளமே அதன் நிறம். பறவை வளர்த்த இயற்கை ஆர்வலர் ஒருவர் இதனைச் சோதித்து, பகட்டு நிறப் புழுக்களைத் தம் பறவைகள் ஒதுக்குவதைக் கண்டு 1869இல் வெளியிட்டார். அன்றுமுதல் எச்சரிக்கை நிறம் என்னும் கருத்து உயிர்நூலில் நிலைபெற்றது.

நத்தைக்கும் இவ்விளக்கம் அளவெடுத்துத் தைத்த சட்டைபோற் பொருந்துகின்றது. இதன் நிறத்தைக் காணும் கண்கள் மீன்களின் கண்கள். கடல்நீரிலே சிவப்பொளி சில பாகங்களின் ஆழத்துக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடும். நீலமும் அதற்கு அடுத்த நிறங்களுமே ஆழத்துக்குச் செல்லும். அத்தகைய நீரில் நீலத்துக்கும் கருமைக்கும் எதிரே மஞ்சட்புள்ளிகள் நிற்குமாயின், அவை எட்டநின்று நோக்கும் மீனுக்கும் தெளிவாகப் புலப்படும். மறைந்து வாழ விரும்பும் உயிர் அணியத்தக்க உடை அன்று அது. மறையவேண்டிய தேவை இல்லை என்பதைப் பறைசாற்றும் உடையே அது.

நஞ்சு எங்கிருந்து வந்தது?

அறிவிப்புப் பலகை ஒன்றுக்குப் பின்னால் உண்மையான காவல் இருத்தல் வேண்டும். பிலிடியாவின் காவலைக் கண்டறிந்து எழுதியவர் யொகான்னசு என்னும் ஆய்வாளர். 1963ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய சிறு கட்டுரை, இந்நத்தை சுரக்கும் சளி, மீன்களையும் நண்டு, இறால் இனங்களையும் கொல்லவல்லது என்பதை உலகுக்கு உணர்த்தியது. அச்சளிக்குக் கடுமையான ஒரு நாற்றமும் உண்டு. கண்ணாடித் தொட்டிகளில் மீன் வளர்ப்போர் அழகை விரும்பி இந்நத்தையை அதனுள் இடுவாராயின், மறுநாள் அழகு மாத்திரம் எஞ்சியிருக்கக் காண்பர்.

அந்த நஞ்சு யாது என்பதை அறிய மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. ஹவாய்ப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் போல் சோயர் கடல்வாழ் உயிர்களின் இரசாயனத்தை ஆராய்வதில் முன்னோடியாக விளங்கியவர். அவருடைய குழுவினர் ஓவாகுத் தீவின் புப்புகேயா என்னும் கரையோரத்தில் இந்நத்தை ஒருவகைக் கடற்பஞ்சை உண்பதைக் கண்டனர். நத்தையின் சளியிலிருந்து நச்சுச் சேர்வையைப் பிரித்தெடுத்தனர். கடற்பஞ்சையும் அவ்வாறே ஆராய்ந்தனர். இரண்டிலும் இருந்தது ஒரே சேர்வை! 1975இல் இம்முடிவு வெளியாயிற்று. கண்டெடுத்த இடத்தின் பெயரைச் சேர்த்து ஐசோசயனோபுப்புகேனேன் என அச்சேர்வைக்குப் பெயரிட்டனர்.

பெயர் நீண்டதாயினும் அதன் முற்பகுதி எம் விஞ்ஞான மாணவருக்குப் புதியதன்று. ஆய்வுகூடத்திலே முதலமீன் ஒன்றைக் குளோரபோமோடும் மதுசாரத்திற் கரைத்த பொற்றாசியமைதரொட்சைட்டோடும் சேர்த்துச் சூடாக்கும் காபைலமீன் சோதனையைச் செய்து பார்த்த பழைய மாணவர் எவரும் அப்போது எழுந்த நாற்றத்தை இன்றுவரை மறந்திரார். அந்நாற்றத்தைத் தருவது ஐசோசயனைட்டு வகுப்பைச் சேர்ந்த சேர்வை. பிலிடியாவின் நஞ்சும் அவ்வகுப்பினதே. வேதியியற் கூடத்திலே சாளரங்களைத் திறந்துவைத்து நாம் ஆக்கிய நாற்றத்தை, முருகைக்கற் பாறையிலே அசையாது கிடக்கும் கடற்பஞ்சு ஒன்று நெருப்பும் குடுவையுமின்றி ஆக்கிக்கொள்கின்றது.

கடற்பஞ்சு அதனை ஆக்குவதற்குக் காரணம் உண்டு. அது ஓடமாட்டாது; ஒளியமாட்டாது; கடிக்கவோ உதைக்கவோ உறுப்பில்லாதது. நஞ்சே அதன் வேலி. அவ்வேலியைத் தாண்டி உள்ளே செல்லக் கற்றது நத்தை. பெரும்பாலான நத்தைகளுக்கு உணவைச் சுரண்டுதற்கு அரம்போன்ற பல்நாக்கு உண்டு. பிலிடியாவுக்கு அதுவும் இல்லை. வாயின் உட்குழாயை வெளியே நீட்டி, செரிக்கும் சாறுகளை உமிழ்ந்து, கடற்பஞ்சின் தசையை இளக்கி உறிஞ்சிக்கொள்கின்றது. உணவோடு உட்சென்ற நஞ்சைக் கழித்துவிடாமல் முதுகுத் தோலிலே சேர்த்துவைக்கின்றது. தீண்டப்பட்டால் அதனைச் சளியோடு வெளியிடுகின்றது. ஆகவே, இதன் வாள் தன் உலையில் அடித்ததன்று, இரவல் வாளேயாகும்.

இரவல் என்றமையால் இழிவாக நினைத்தல் தகாது. நஞ்சைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஓடற்ற நத்தைகளும் உண்டு. தெந்திரோடோரிசு என்னும் சாதியைச் சேர்ந்தவை அத்தகையன. பிலிடியா வேறு வழியைப் பற்றியது. பிறர் நஞ்சைத் தன்னுடலில் தாங்கி, தனக்குக் கேடின்றி அதனை ஆள்வதும் ஒரு பெருந்திறனே அன்றோ?

ஓடு முந்தியதா, நஞ்சு முந்தியதா?

இங்கே இன்னொரு வினா எழுகின்றது. நத்தை முதலில் ஓட்டை இழந்து, பின்னர்த் தன்னைக் காத்துக்கொள்ள நஞ்சைத் தேடியதா? அன்றி நஞ்சைப் பெற்றபின் ஓடு தேவையற்றது எனக் கைவிட்டதா? முதல்வழி பொதுவாக நம் எண்ணத்துக்கு ஏற்றதாகத் தோன்றும். எனினும் சிறிது சிந்திப்போமாயின், ஓடுமின்றி நஞ்சுமின்றி இருந்த இடைக்காலத்தில் அவ்வுயிர் எவ்வாறு பிழைத்தது என்னும் இடர் எழும். போல்க்கினர், கிசலின் என்னும் இரு ஆய்வாளர் 1983இல் எழுதிய கட்டுரையில் இதற்கு மாறான வழியை வற்புறுத்தினர். முன்னோராகிய ஓடுடைய நத்தைகள் நச்சுணவை உண்டு முதலில் இரசாயனக் காவலைப் பெற்றன; அதன் பின்னரே ஓடு சுமையாகிப் படிப்படியாகக் குறைந்து மறைந்தது என்பது அவர்தம் கொள்கை. கோட்டையை இடித்த பின்னர் அன்று, படை வந்து சேர்ந்த பின்னரே மதிலைக் கைவிட்டனர் என்பது போன்றது இது.

ஓடு முற்றாக மறக்கப்படவும் இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும் இந்நத்தையினத்தின் குடம்பி, கண்ணுக்குத் தெரியாத அளவிற் சிறியதொரு சுருளோட்டுடனும் அதன் வாயை மூடும் மூடியுடனும் நீரில் மிதந்து திரிகின்றது. பாறையில் இறங்கி உருமாறும் வேளையில் அவ்வோட்டைக் கழற்றிவிட்டு வெளியேறுகின்றது. மூதாதையர் நெடுங்காலத்திற் செய்த துறவை ஒவ்வொரு நத்தையும் தன் இளமையில் ஒருமுறை செய்துமுடிக்கின்றது.

பொய்யுரைக்கும் அயலவர்

அறிவிப்பு ஒன்று மதிக்கப்படுகின்றது எனத் தெரிந்தால், அதனைப் பொய்யாக எழுதி ஒட்டுவோரும் தோன்றுவர். கடலிலும் இது நிகழ்கின்றது. பிலிடியாவின் நெருங்கிய உறவினம் ஒன்றைத் தோற்றத்தில் முற்றாக ஒத்த தட்டைப்புழு ஒன்றை ஆய்வாளர் 1994இல் விவரித்து, போலி எனப் பொருள்படும் இனப்பெயரே அதற்கு இட்டனர். அதனினும் வியப்புக்குரியது கடலட்டையினத்தில் ஒன்றாகிய பியர்சனோதூரியாவின் குஞ்சு. முதிர்ந்த அட்டை மங்கிய கபில நிறமுடையது. குஞ்சோ வெண்ணீல நிறத்தின்மேற் கருங்கோடுகளும் மஞ்சட் கொம்புகளும் உடையதாய், பிலிடியா நத்தையின் சாயலை அப்படியே மேற்கொள்கின்றது. உடல் வளர்ந்து, நத்தையின் அளவைக் கடந்ததும் அவ்வேடத்தைக் களைந்துவிடுகின்றது. நாம் தொடக்கத்தில் வேறு வேறெனப் பிரித்த அட்டையும் நத்தையும் மீனின் கண்முன்னே இவ்வாறு ஒன்றாகிவிடுகின்றன.

இப்போலிகள் இருத்தலே நமக்கு ஒரு சான்று. மதிப்பற்ற நாணயத்தைக் கள்ளமாக அடிப்பார் இலர். நத்தையின் நிறம் மீன்களால் மதிக்கப்படுவதனாலேயே அதனைப் பிற உயிர்கள் பின்பற்றுகின்றன.

இலங்கையின் பங்கு

இவ்வுயிர்களைப்பற்றிய ஆராய்ச்சியில் இலங்கைக்கும் ஓரிடம் உண்டு என்பது எம்மவருட் பலர் அறியாதது. எட்வேட்டு பிரடெரிக்கு கெலாட்டு என்னும் மருத்துவர் 1819இல் இலங்கையிற் பிறந்தவர். எடின்பரோவிற் கற்றுப் படைமருத்துவராகப் பணியாற்றியவர். இந்நாட்டின் விலங்குகளைப்பற்றி 1852இல் நூலொன்று வெளியிட்டார். பின்னர் அரசாங்கம் முத்துச்சிப்பிகளை ஆராயும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. திருகோணமலையில் இருந்த காலத்தில் அப்பணிக்கிடையே ஓடற்ற நத்தைகளையும் அவர் திரட்டினார், உயிரோடிருக்கும்போதே அவற்றின் நிறங்களைக் கவனித்து எழுதினார், படங்களையும் ஆக்குவித்தார். 1858, 1859ஆம் ஆண்டுகளில் புதிய இனங்கள் பலவற்றுக்கு விவரணம் எழுதி வெளியிட்டார். அவற்றுள் ஒன்று பிலிடியா சைலானிக்கா. இளஞ்சிவப்பு வரம்புகளும் கருங்கோடுகளும் கொண்ட அந்நத்தை உலகின் எக்கடலிற் காணப்பட்டாலும் இன்றும் இலங்கையின் பெயரையே தாங்கிநிற்கின்றது. 1860இல், இங்கிலாந்துக்குச் செல்லும் வழியிலே கெலாட்டு கப்பலில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

படங்கள் ஏன் முக்கியமாயின? சிப்பியையோ சங்கையோ பெட்டியில் இட்டு நூறாண்டு காக்கலாம். ஓடற்ற நத்தையை மதுசாரத்தில் இட்டால் உடல் சுருங்கும்; நிறம் கரைந்து போகும்; நீலமும் மஞ்சளும் சாம்பல் நிறமாகிவிடும். உயிரோடிருந்தபோது கண்ட ஒருவர் எழுதிவைத்தாலன்றி அதன் நிறத்தைப் பின்னர் வருவோர் அறிதற்கு வழியில்லை. கெலாட்டின் படங்களையும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து நூதனசாலையில் இருந்த பழைய திரட்டுகளையும் ஆராய்ந்து, தென்னிந்தியாவினதும் இலங்கையினதும் நத்தைகளைப்பற்றி 1906இல் விரிவாக எழுதியவர் சேர் சாள்சு எலியட்டு. இப்பெயர் எம் வாசகர் சிலருக்கு வேறொரு வகையிலே பழக்கமானது. இந்து சமயத்தையும் பௌத்தத்தையும்பற்றி 1921இல் மூன்று பாகங்களாக வெளிவந்த பெருநூலின் ஆசிரியர் அவரே. கிழக்கு ஆபிரிக்காவில் ஆணையாளராகவும், ஹொங்கொங்குப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தராகவும், யப்பானிலே தூதராகவும் விளங்கிய அவர், ஓய்ந்த வேளைகளிலெல்லாம் இச்சிறு நத்தைகளையே ஆராய்ந்தார். தத்துவமும் சமயமும் ஒருபுறம், சேற்றில் ஊரும் நத்தை மறுபுறம் எனப் பிரிப்பது அறிவின் இயல்பன்று என்பதற்கு அவர் வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டு.

கெலாட்டு செய்தது பயனற்ற பொழுதுபோக்கு என எண்ணுவார்க்கு ஒரு செய்தி கூறுவோம். வெள்ளை உடலிற் கரிய வளையங்கள் கொண்ட இன்னொரு நத்தைக்கு, அதன் துக்க உடை போன்ற தோற்றம் கருதி, இறுதிச் சடங்கைக் குறிக்கும் பூனெபிரிசு என்னும் பெயரை 1859இல் அவர் இட்டார். இன்று அது யொரூனா பூனெபிரிசு எனப்படும். அவர் மறைந்து நூற்று நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், 2000ஆம் ஆண்டில், அந்நத்தையின் தோலிலும் சளியிலுமிருந்து யொருமைசின் என்னும் சேர்வையைப் பிரித்தெடுத்தனர். புற்றுநோய்க் கலங்களின் வளர்ச்சியைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என ஆய்வுகூடச் சோதனைகள் காட்டின. சாவின் பெயர் தாங்கிய நத்தை உயிர்காக்கும் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியது.

பிலிடியாவின் உறவினங்களும் அத்தகைய பயனுக்கு வழிதிறந்துள்ளன. கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்னும் சிற்றுயிர்கள் கப்பலின் வேகத்தைக் குறைத்து எரிபொருளை வீணாக்கும். அவற்றைத் தடுக்கப் பூசப்பட்டுவந்த வெள்ளீயச் சேர்வைகள் கடல் நத்தைகளையே கெடுத்தன. பெண் நத்தைகளில் ஆணுறுப்பு வளரச்செய்தன. அச்சேர்வைகளைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்தது. யப்பானிய ஆய்வாளர் அதற்கு முன்னரே, 1996இல், பிலிடியாக் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு நத்தையினங்களிலிருந்து கொட்டலசின் குடம்பிகளைப் பாறையில் ஒட்டவிடாது தடுக்கும் சேர்வைகளைப் பிரித்துக்காட்டியிருந்தனர். கேடின்றிக் காக்கும் பூச்சொன்றைத் தேடுவோருக்கு அவை நல்ல முன்மாதிரிகளாயின.

இரவல் வாளின் அபாயம்

இதுகாறும் கூறியவற்றுள் ஒன்றை மீண்டும் நினைவிற் கொள்வோமாக. இந்நத்தையின் காவல் அதன் உணவில் இருக்கின்றது; உணவாகிய கடற்பஞ்சு முருகைக்கற் பாறையைப் பற்றி நிற்கின்றது; பாறையோ நுண்ணிய முருகையுயிர்களின் நெடுங்கால உழைப்பால் எழுந்தது. இச்சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் ஏனையவும் தளரும். ஓட்டைக் கைவிட்ட நத்தை அதனைத் திரும்பப் பெறமுடியாது. நஞ்சு தரும் பஞ்சு மறையுமாயின், எஞ்சுவது காவலற்ற அறிவிப்புப் பலகை மாத்திரமே.

இது வெறுங்கற்பனை அச்சமன்று. நம் தென்மேற்குக் கரையில் நெடுங்காலம் முருகைக்கல்லை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டனர். 1998ஆம் ஆண்டில் கடல்நீர் வழமைக்கு மீறிச் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பாறைத்தொடரிலும் முருகையுயிர்களிற் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. திருகோணமலைப் பக்கத்துப் பாறைகள் அவ்வாண்டில் பெருமளவு தப்பின. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலை 1963இற் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் கடலின் சூட்டுக்கு வேலி கட்டுதல் எச்சட்டத்தாலும் இயலாது. கெலாட்டு கண்டு எழுதிய கடல் இன்று நாம் காணும் கடலன்று. அவர் எழுதிவைத்ததனாலேயே இவ்வேறுபாட்டை நாம் அறிகின்றோம். நாம் எழுதாது விடுவோமாயின் நமக்குப் பின் வருவோர் எதனோடு எதனை ஒப்பிடுவர்?

மாணவ நண்பர்களே, இந்நத்தையைத் தேடிச்செல்வோர் அதனைக் கையால் எடுக்கவேண்டா. புட்டியில் அடைக்கவும் வேண்டா. அடைத்தால் நிறம் போய்விடும். மற்ற உயிர்களும் மாண்டுபோகும். கண்ட இடம், நாள், ஆழம், அது எதன்மேல் ஊர்ந்தது, எதனை உண்டது என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் வசதி இன்று அனைவர்க்கும் எளிது. கடலிற் குளித்துத் தொழில்செய்வோரைக் கேளுங்கள்; எது தீண்டத்தக்கது, எது தீண்டத்தகாதது என்பதை நூலின்றியே அறிந்தவர் அவர். பிலிடியாவின் நஞ்சைக் கண்டறிந்த அதே யொகான்னசு பிற்காலத்திற் பசிபிக்குத் தீவாகிய பலாவுக்குச் சென்று, அங்குள்ள மீனவரின் கடலறிவைக் கேட்டறிந்து 1981இல் நூலாக வெளியிட்டார் என்பதும் இங்கே கருதத்தக்கது.

பழைய மாணவராகிய எம்மில் மருத்துவரும் இரசாயன ஆசிரியரும் கடற்படையினரும் கரையோரத்து ஊரவரும் உளர். தொழிலுக்கிடையே ஒரு மருத்துவர் செய்த பணி நூற்றறுபது ஆண்டுகளின் பின்னும் நிலைத்திருத்தலைக் கண்டோம். பட்டப்பகலிலே தன் நிறத்தை யாவர்க்கும் காட்டி ஊர்ந்து செல்லும் ஓர் உயிரை நோக்குதற்குப் பெருஞ்செல்வமோ அரிய கருவிகளோ வேண்டா. சற்றே நின்று பார்க்கும் பொறுமையும், பார்த்ததைப் பார்த்தவாறே எழுதும் நேர்மையும் இருந்தாற் போதும்.